அடிமை இல்லை என்று கம்பெனி ஏன் எழுதிக் கொடுக்கிறது?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது படித்தால் போதும்.

வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளின் இணையதளத்தைத் திறந்து, படங்களையெல்லாம் தாண்டி அடிவரைக்கும் போய்ப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'நவீன அடிமைத்தன அறிக்கை'. அதைத் தொட்டால் பத்து இருபது பக்கம் விரியும். எங்கள் தொழிற்சாலையிலும் எங்களுக்குச் சரக்கு தருபவர்களிடத்திலும் கட்டாய உழைப்பு இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறோம், இந்த வருஷம் என்ன செய்தோம் என்று எழுதி, இயக்குநர் ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் போனில் கேட்டார்: "சார், அடிமை முறை எப்பவோ ஒழிஞ்சு போச்சுன்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க. அப்புறம் ஏன் பையர் வருஷா வருஷம் அடிமை இருக்கா இல்லையான்னு பாரம் நிரப்பச் சொல்றான்?"

நியாயமான கேள்வி. 1843-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் போனது. நம் அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. பாடப்புத்தகத்தில் அத்தோடு அத்தியாயம் முடிந்தது. ஆனால் அவர் கேட்டதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. லாபம் பார்க்க வந்த ஒரு கம்பெனி, தன் சரக்கில் அடிமைத்தனம் கலந்திருக்கலாம் என்று தானே ஏன் எழுதி ஊருக்குக் காட்ட வேண்டும்? சோழியன் குடுமி சும்மா ஆடாது. எது ஆட்டுகிறது என்று பார்க்க நூற்றிருபது வருஷம் பின்னால் போக வேண்டும்.

முதலில் சாக்லேட் கதை. இங்கிலாந்தின் கேட்பரி குடும்பத்தார் குவேக்கர் பிரிவைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய மரபு அவர்களுடையது. தொழிலாளர்களுக்கென்று போர்ன்வில் என்ற தோட்டக் குடியிருப்பையே கட்டியவர்கள். நல்ல முதலாளி என்று பெயர் எடுத்தவர்கள். அவர்கள் வாங்கிய கொக்கோவில் ஏறத்தாழ பாதி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் இருந்த சாவோ தோமே, பிரின்சிப்பி என்ற போர்த்துகீசியத் தீவுகளிலிருந்து வந்தது. 1901-ல் வில்லியம் கேட்பரியின் பார்வைக்கு ஒரு விளம்பரம் வந்தது. அந்தத் தீவில் ஒரு தோட்டம் விற்பனைக்கு. நிலம், கட்டடம், கால்நடை என்ற சொத்துப் பட்டியலில் வேலையாட்களும் இருந்தார்கள்.

காகிதத்தில் அவர்கள் அடிமைகள் இல்லை. அங்கோலாவிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்த கூலிகள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்தான் இல்லை. காலம் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே போனார்கள்.

கேட்பரிக்கு 1901-லேயே விஷயம் தெரியும். விசாரிக்க ஜோசப் பர்ட் என்பவரை அனுப்பியது 1905-ல். அவர் திரும்பி வந்தது 1907-ல். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையும் அவசரப்படாதீர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு போர்த்துகீசியர் கையிலிருந்த மொசாம்பிக்கிலிருந்து ஆட்கள் வேண்டியிருந்தது, அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது. இதற்கிடையில் ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் அங்கோலாவுக்கும் அந்தத் தீவுகளுக்கும் நேரில் போய் வந்து 1906-ல் புத்தகம் போட்டார். அதன் தலைப்பே 'ஒரு நவீன அடிமைத்தனம்' என்பதுதான். இன்றைக்கு அறிக்கைகளின் தலையில் இருக்கும் சொல் அப்போதே அச்சேறிவிட்டது.

1908-ல் லண்டன் 'ஸ்டாண்டர்டு' பத்திரிகை, அடிமை உழைப்பில் விளைந்த கொக்கோவைத் தெரிந்தே வாங்குகிறார்கள் என்று கேட்பரியைக் குத்தித் தலையங்கம் எழுதியது. கம்பெனி மானநஷ்ட வழக்குப் போட்டது. 1909 மார்ச்சில்தான் அந்தத் தீவுக் கொக்கோவை வாங்குவதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் பர்மிங்காமில் வழக்கு நடந்தது. ஜூரி கம்பெனியின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் நஷ்டஈடாக அவர்கள் விதித்த தொகை ஒரு ஃபார்திங். பென்னியில் கால் பங்கு. நம்மூர்க் கணக்கில் காலணா மாதிரி. உன் மானத்தின் விலை இவ்வளவுதான் என்று சபையில் வைத்துச் சொன்னதுபோல ஆயிற்று.

இந்தக் கதையில் கேட்பரி கெட்டவர்களாக எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆள் அனுப்பினார்கள், கடைசியில் வாங்குவதையும் நிறுத்தினார்கள். ஆனால் நல்ல மனசு இருந்தும் எட்டு வருஷம் ஆனது. புத்தகம் ஒரு பக்கம், தலையங்கம் ஒரு பக்கம், கோர்ட் படி ஒரு பக்கம் என்று நெருக்கிய பிறகே காரியம் ஓடியது. சரக்கு வரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு வாங்குகிறவனும் பொறுப்பு என்ற எண்ணம் அந்த வழக்கில் பலர் மனதில் பதிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறிக்கை என்பது மட்டும் புதுச் சரக்கு இல்லை. எங்கள் தல்லாகுளத்துக்கு அருகில் தமுக்கத்தில் காந்தி மியூசியம் இருக்கிறது. காந்தியின் தென்னாப்பிரிக்கக் கதையில் பாலசுந்தரம் வருவார். 1894-ல் முதலாளி அடித்துப் பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்ற தமிழ் ஒப்பந்தக் கூலி. அப்போது நேட்டாலில் இந்தியக் கூலிகளுக்குப் 'பாதுகாவலர்' என்று ஓர் அதிகாரியே இருந்தார். ஆண்டுதோறும் அறிக்கை கொடுத்தார். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்கெல்லாம் அதில் உண்டு. அறிக்கை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பாலசுந்தரத்தின் பல்லும் உடைந்துகொண்டிருந்தது. காகிதம் எழுதுவதால் மட்டும் காரியம் நடந்துவிடாது என்பதற்கு நம் சனங்களின் சரித்திரமே சாட்சி.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் நடுநிலைப் பள்ளிகளில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். எட்டாம் வகுப்பு முடித்து டி.சி. வாங்கிப் போன பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்புக்குப் போனார்கள், எத்தனை பேர் மில் வண்டியில் ஏறினார்கள் என்பது எங்களைப் போன்ற வாத்தியார்களுக்குத் தெரியும். ஊருக்குள் ஒரு புரோக்கர் வருவார். பெரும்பாலும் தெரிந்த ஆளாகத்தான் இருப்பார். மாமா முறை, அண்ணன் முறை சொல்லித்தான் பேசுவார். மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்க வேண்டும். சாப்பாடு அவர்களுடையது. மாதம் கொஞ்சம் கையில் கொடுப்பார்கள். மூன்று வருஷம் முடிந்ததும் மொத்தமாக 30,000, 40,000, 50,000 என்று ஒரு தொகை. கல்யாணச் செலவுக்கு ஆகும். அதனால்தான் அதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்றும் சொன்னார்கள். மில் பக்கத்தில் 'கேம்ப் கூலி' என்பார்கள். எத்தனை மங்கலமான பெயர்கள் பாருங்கள்.

ஒருமுறை ஒரு புரோக்கர், டி.சி.யில் பிறந்த வருஷத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போட முடியுமா என்று என்னிடமே கேட்டார். முடியாது என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை போய்விட்டது; வயதுச் சான்று வேறு எங்கோ கிடைத்திருக்கிறது. அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டபோது அவர் சொன்னது: "கழுத்துல ரெண்டு பவுன் போட்டு அனுப்ப எனக்கு வேற என்ன வழி இருக்கு சார், நீங்களே சொல்லுங்க." என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தப் பவுன் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் ஒரு பவுன் ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய். 30,000 என்றால் மூன்று பவுன் என்று ஆசை காட்டிக் கூட்டிப் போனார்கள். மூன்று வருஷம் கழித்து, 2011 கடைசியில் பவுன் இருபதாயிரத்தை ஒட்டி வந்துவிட்டது. அதே 30,000-க்கு ஒன்றரைப் பவுன்தான். தொகை ஏறவில்லை. இது தொகை ஒழுங்காகக் கிடைத்தவர்களின் கதை. ஒப்பந்தக் காலம் முடிய நாலு மாதம் இருக்கும்போது உடம்புக்கு முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த மொத்தத் தொகையும் போயிற்று என்பதுதான் இத்திட்டத்தின் பூட்டு. அந்தத் தொகை ஒன்றும் போனஸ் இல்லை. அவர்களுடைய கூலியிலிருந்தே பிடித்து வைத்தது. ஹாஸ்டல் கேட்டைத் தாண்டிப் போக முடியாது. போனில் பேசுவதற்குக்கூட வார்டன் பக்கத்தில் நிற்பார். நைட் ஷிப்ட் உண்டு. 'பயிற்சியாளர்' என்று பெயர் போட்டுவிட்டதால் குறைந்தபட்சக் கூலியும் கிடையாது. மூன்று வருஷம் பயிற்சி எடுக்கும் அளவுக்கு நூல் மெஷினில் என்னதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லா மில்லும் இப்படி என்று சொல்லவில்லை. ஒழுங்காகக் கூலி கொடுத்து, வயது பார்த்துச் சேர்த்து, சொன்ன தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிய மில்களும் இருந்தன. சில பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைத்ததைவிட ஹாஸ்டலில் மூன்று வேளைச் சாப்பாடு மேல் என்பதும் உண்மை. ஆனால் விருப்பப்பட்டு உள்ளே போவது ஒன்று, விருப்பப்பட்டபோது வெளியே வர முடிவது வேறொன்று. அடிமைத்தனமா இல்லையா என்பதை இரண்டாவதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமலும் இல்லை. 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், நீதிபதி பி.என்.பகவதி எழுதிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் வேலை செய்தால் அது 23-ஆவது பிரிவு சொல்லும் கட்டாய உழைப்பே. சவுக்கு வேண்டியதில்லை, வறுமை பிடித்துத் தள்ளினாலும் அது கட்டாயம்தான் என்பது அதன் சாரம். உலகத்தில் எந்த நாட்டுச் சட்டத்தோடும் தைரியமாகப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு மில் ஹாஸ்டல் கேட்டுக்குள் நுழையவில்லை.

நுழைந்தது எது? 2011 மே மாதம் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்ற ஆய்வு அமைப்பும், இந்தியா கமிட்டி ஆஃப் தி நெதர்லாண்ட்ஸ் என்ற அமைப்பும் சேர்ந்து சுமங்கலித் திட்டத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. தமிழ்நாட்டில் களத்தில் இருந்த தொண்டு அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அதற்கு முன்பே பல வருஷமாகக் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த அறிக்கையின் வேறுபாடு என்னவென்றால், இந்த மில்லின் நூல் இந்தத் தையல் கம்பெனிக்குப் போகிறது, அங்கிருந்து ஐரோப்பாவில் இந்தக் கடையில் தொங்குகிறது என்று பெயர் போட்டுக் கோடு இழுத்துக் காட்டியது. 2012-லும் 2014-லும் மறுபடி அறிக்கைகள் வந்தன. 2016 டிசம்பரில் வந்தது 743 நூற்பாலைகளைப் பார்த்து, தொண்ணூறு சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் ஏதாவது ஒரு வகையில் நவீன அடிமைத்தனம் இருக்கிறது என்றது. மில் அதிபர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்றார்கள். அதே சமயம் அவர்கள் சங்கமே பெண் தொழிலாளர்களைச் சேர்ப்பதற்கு நெறிமுறையும் வெளியிட்டது. பிரிட்டனின் கடைக்காரர்கள் கூடியிருந்த எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு தமிழ்நாட்டுக்கென்றே தனித் திட்டம் ஆரம்பித்தது.

கோடு இழுத்ததுதான் விஷயம். ஒரு பனியனை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்குத் தைத்துக் கொடுப்பது திருப்பூர்க் கம்பெனி. அதற்குத் துணி வருவது நிட்டிங்கிலிருந்து, சாயம் சாயப்பட்டறையிலிருந்து. நிட்டிங்குக்கு நூல் வருவது திண்டுக்கல்லிலோ கோவையிலோ உள்ள மில்லிலிருந்து. மில்லுக்குப் பஞ்சு குஜராத்திலிருந்தோ மகாராஷ்டிராவிலிருந்தோ. லண்டன் கம்பெனி ஆர்டர் கொடுப்பது முதல் ஆளுக்கு மட்டும். மூன்றாம் ஆள் யார் என்று அதற்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதில் ஒரு சௌகரியமும் இருந்தது. நைக்கி 2005-லும், ஹெச் அண்ட் எம் 2013-லும் தங்களுக்குத் தைத்துத் தரும் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிட்டன. அதற்கு முன் அதெல்லாம் வியாபார ரகசியம். வியர்வைக் கூடம் என்று நைக்கியின் பெயர் அமெரிக்கக் கல்லூரிகளில் நாறியதற்குப் பிறகே அந்த ரகசியம் திறந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தபோது, இடிபாட்டில் கிடந்த துணி லேபிள்களைப் பொறுக்கித்தான் யாருக்குத் தைத்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பட்டியல் வேண்டும் என்ற குரல் அதற்குப் பின் ஓயவில்லை.

சட்டம் இப்படித்தான் வந்தது. கலிபோர்னியா 2010-ல் ஒன்று போட்டு 2012-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிரிட்டன் 2015-ல் நவீன அடிமைத்தனச் சட்டம் இயற்றியது. அதன் 54-ஆவது பிரிவுப்படி, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டுக்கு மேல் உள்ள, பிரிட்டனில் வியாபாரம் செய்யும் ஒவ்வொரு கம்பெனியும் வருஷா வருஷம் அறிக்கை போட வேண்டும். இயக்குநர் குழு ஒப்புதல் தர வேண்டும், இயக்குநர் ஒருவர் கையெழுத்திட வேண்டும், இணையதளத்தின் முகப்பிலேயே அதற்கு வழி இருக்க வேண்டும். ஆஸ்திரேலியா 2018-லும் கனடா 2023-லும் அதே வழியில் சட்டம் செய்தன.

மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஹார்வி மில்லை நம் தாத்தா காலத்திலிருந்து தெரியும். அந்த மதுரா மில்ஸ் பின்னால் மதுரா கோட்ஸ் ஆனது. அதன் தாய்க் கம்பெனி பிரிட்டனின் கோட்ஸ் குழுமம். ஆகவே அதுவும் வருஷா வருஷம் இந்த அறிக்கையைப் போட்டாக வேண்டிய கம்பெனி. நம் ஊர்த் தையல் நூலின் கதை லண்டனில் ஓர் இயக்குநர் கையெழுத்துக்கு அடியில் போகிறது.

பிரிட்டிஷ் சட்டத்தில் ஒரு வேடிக்கை. 'நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை' என்று எழுதிப் போட்டாலும் சட்டப்படி சரி. அபராதம் கிடையாது. 2019-ல் அரசு அமைத்த மறுஆய்வுக் குழுவே, கடமைப்பட்ட கம்பெனிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் அறிக்கையே போடுவதில்லை என்று சொன்னது. அபராதம் இல்லாத வீட்டுப்பாடத்தை எத்தனை பேர் எழுதுவார்கள் என்று என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். எனக்கு ஆச்சரியம் தருவது மற்ற 60 சதவீதம்தான். தண்டனை இல்லாமலே அவர்கள் ஏன் எழுதுகிறார்கள்?

ஒன்று, பெரிய பெயர் உள்ளவன் பயப்படுகிறான். கடைத்தெருவில் பெயர்ப்பலகை இல்லாத மொத்த வியாபாரி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. தரம் பிரித்துப் பட்டியல் போடும் அமைப்புகள் வந்துவிட்டன. பக்கத்துக் கடைக்காரன் நல்ல மதிப்பெண் வாங்கினால் இவனுக்கும் கூச்சம். வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதுவதும் நடக்கிறது: பல கம்பெனிகளின் அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வரிக்கு வரி ஒரே மாதிரி இருக்கும். அந்தப் பத்திகளைத் தாண்டிப் போய், மில்லின் பெயர், ஊர், அங்கே கண்ட குறை, திருப்பிக் கொடுத்த கூலி என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி எழுதுகிற கம்பெனிகள் கொஞ்சம்தான். பெரும்பாலும் அவை ஏற்கெனவே ஏதாவது அறிக்கையில் பெயர் அடிபட்டவை. சூடு கண்ட பூனைகள்.

அடுத்தது பணம் போட்டவர்கள். பங்கு வாங்கும் ஓய்வூதிய நிதிகளும் தர்ம நிதிகளும் இப்போது இந்தக் கேள்வியைக் கேட்கின்றன. அவர்களுக்கு ஏன் அக்கறை என்பதற்கு பூஹூ கம்பெனியின் கதையே போதும். 2020 ஜூலையில், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்திலேயே அந்தக் கம்பெனிக்குத் தைக்கும் பட்டறைகளில் சட்டப்படியான கூலியில் பாதிகூடக் கொடுப்பதில்லை என்று பத்திரிகையில் செய்தி வந்தது. சில நாட்களில் அதன் பங்குகளின் மொத்த மதிப்பில் 100 கோடி பவுண்டுக்கு மேல் கரைந்தது. அந்தக் கம்பெனியும் நவீன அடிமைத்தன அறிக்கை போட்டுக்கொண்டிருந்ததுதான். 1909-ல் காலணா என்று மதிப்பிட்ட மானத்துக்கு 2020-ல் பங்குச் சந்தை வேறு விலை வைத்தது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய அடி துறைமுகத்தில்தான் விழுகிறது. அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் 307-ஆவது பிரிவு என்று ஒன்று. கட்டாய உழைப்பில் செய்த பொருளை இறக்குமதி செய்யக்கூடாது. பெரிய கருணை என்று நினைத்துவிடாதீர்கள். உள்நாட்டு உற்பத்தியாளரைக் காப்பாற்றத்தான் போட்டார்கள். அதனால்தான், உள்நாட்டில் போதுமான அளவு கிடைக்காத பொருளுக்கு இது பொருந்தாது என்று ஓட்டையும் வைத்தார்கள். 2016-ல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். சும்மா கிடந்த சட்டத்துக்கு அதன் பிறகு பல் முளைத்தது.

அந்தப் பல் திண்டுக்கல்லில் பதிந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நாச்சி அப்பாரல் என்ற ஆயத்த ஆடை ஆலை. 2021 ஜனவரியில் அங்கு வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். அவருடைய மேற்பார்வையாளரே கைதானார். அதையொட்டி அங்கே பெண்கள் பல காலமாக அனுபவித்த பாலியல் தொல்லைகள் வெளியே வந்தன. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் நின்றது. ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டமைப்பும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் துணைக்கு வந்தன. 2022 ஏப்ரலில் சங்கமும் ஈஸ்ட்மேனும் ஹெச் அண்ட் எம்மும் ஒப்பந்தம் போட்டார்கள். கேப், பிவிஹெச் கம்பெனிகளும் பின்னால் சேர்ந்தன. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று இன்று உலகம் முழுக்கத் தொழிலாளர் வட்டாரத்தில் பேசுகிறார்கள்.

இதில் முக்கியமான வரி எது தெரியுமா? ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பையர்கள் ஆர்டரைக் குறைக்க வேண்டும் என்பது சட்டப்படி கட்டுப்படுத்தும் நிபந்தனை. கம்பெனி தானே எழுதும் அறிக்கைக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான். மேற்பார்வையாளரைக் கண்காணிக்கத் தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்று லைனில் நிற்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போகும் ஆடிட்டர் வேலை இல்லை இது.

ஒப்பந்தம் கையெழுத்தாகி நாலு மாதம்கூட நிறையவில்லை. 2022 ஜூலை கடைசியில் அமெரிக்கச் சுங்கத் துறை நாச்சி அப்பாரலின் துணிகளைத் துறைமுகத்தில் நிறுத்த உத்தரவு போட்டது. விசாரணை முன்பே தொடங்கியது. உத்தரவு வந்து சேர்ந்த நேரம் அப்படி. சங்கமும் நிர்வாகமும் ஒரே பக்கம் நின்று, குறைகள் தீர்ந்து வருகின்றன என்று ஆதாரம் கொடுத்தார்கள். செப்டம்பரில் தடை நீங்கியது. ஐந்து ஆறு வாரம்தான். ஆனால் பருவத்துக்குத் தைக்கிற வியாபாரத்தில் ஆறு வாரம் பெட்டி துறைமுகத்தில் நின்றால் என்ன ஆகும் என்று ஏற்றுமதிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். என் மாணவருக்கு வரும் பாரத்தின் பக்கங்கள் தடிப்பானதும் அதற்குப் பிறகுதான் என்று அவரே சொன்னார்.

நம் நாட்டில் செபி, பங்குச் சந்தையில் பட்டியலான முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 நிதியாண்டிலிருந்து பொறுப்புள்ள வணிக அறிக்கை கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கட்டாய உழைப்பு, குழந்தை உழைப்பு பற்றிப் புகார் எத்தனை என்று அதில் ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலான கம்பெனிகளில் அந்தக் கட்டத்தில் சுழி. நூற்பாலைகளில் பெரும்பாலானவை பங்குச் சந்தையிலேயே இல்லை என்பதால் அவற்றுக்கு அந்தக் கட்டமும் இல்லை.

சுமங்கலி என்ற பெயர் இப்போது பெரும்பாலும் மறைந்துவிட்டது. 2014-ல் தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்து, அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அதுவரை கல்யாணத்துக்கு உதவியாக இருந்த அரசுப் பணம்தான் படிப்புக்கு உதவியாக மாறியது. மூன்று வருஷத்தை மில்லுக்குக் கொடுப்பதா காலேஜுக்குக் கொடுப்பதா என்று யோசிக்கும் அம்மாவுக்கு இந்த ஆயிரம் பெரிய ஆயிரம். எந்த லண்டன் அறிக்கையைவிடவும் இது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை மில் வண்டியிலிருந்து இறக்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் மெஷின்கள் நிற்கவில்லை. இப்போது மில் ஹாஸ்டல்களில் ஒடிசா, ஜார்கண்ட், பீகார் பிள்ளைகள். நம் பிள்ளைகளுக்கு ஊர் ஐம்பது கல் தூரம். மனசு வெறுத்தால் பஸ் ஏறி வந்துவிடலாம். இவர்களுக்கு இரண்டு நாள் ரயில். தமிழ் தெரியாது. புகார்ப் பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. அறிக்கை எழுதும் கம்பெனிகளில் நூல் மில்வரைக்கும் வந்து பார்ப்பவை அன்றைக்கும் கொஞ்சம், இன்றைக்கும் கொஞ்சம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இரண்டு சட்டம் செய்தது. ஒன்று, பெரிய கம்பெனிகள் தங்கள் சரக்குச் சங்கிலி முழுவதையும் ஆராய்ந்து குறையைச் சரிசெய்ய வேண்டும் என்பது. அடுத்த வருஷமே அதைத் தளர்த்தும் வேலையை அவர்களே ஆரம்பித்துவிட்டார்கள். மற்றது, கட்டாய உழைப்பில் உருவான எந்தப் பொருளும் ஐரோப்பியச் சந்தையில் விற்கக்கூடாது என்பது. கம்பெனி பெரியதா சிறியதா என்ற பேச்சு அதில் இல்லை. முதல் ஆளா மூன்றாம் ஆளா என்ற பேச்சும் இல்லை. நூலில் இருந்தாலும் பனியன் நிற்கும். 2027 டிசம்பர் 14 முதல் அது நடைமுறைக்கு வருகிறது. திருப்பூரில் இப்போதே நூல் வாங்கும்போது மில்காரரிடம் ஹாஸ்டல் பதிவுச் சான்றும் சம்பளப் பட்டியலும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.